மேலே மஞ்சள், கீழே கறுப்பு

"என்னது இது, சவப்பெட்டியா?" என்று கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து கேட்டார்.

"இப்போதைக்கு ஏரோப்ளேன்" என்றார் டிரைவர்.

பெட்டி மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. மேல்பக்கத்தை டிரைவர் பிடித்திருந்தார். கீழ்ப்பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தவன் அவருடைய மச்சினன். லிப்ட் பழுதுபார்ப்பவன். அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது என்பதை ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டே வந்தான்.

"மாமா, செங்குத்தா நிமித்துங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ, என் கால்!"

"காலை எடுத்துட்டுப் பேசு மாப்ள."

வாசலில் டிரைவரின் மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். கூடத்து ஜன்னலோரம் அவளுடைய மிஷின், வெட்டும் மேஜை, கொக்கியில் தொங்கும் பாதி ரவிக்கைகள்.

"ஏங்க, இது உள்ள வந்தா நான் எங்க போறது?"

"அதுல ஏறிப் பறந்துடு."

"டிரைவர் யாரு? நீங்களா? அப்ப நடந்தே போறேன்."

மச்சினன் சிரித்தான். டிரைவரும் சிரித்தார். நகரப் பேருந்தை இத்தனை வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறவரிடம் அதை ஒரு கேலியாகச் சொல்ல முடிந்த கடைசி நாள் அதுவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பெட்டியைக் கூடத்தின் நடுவில் இறக்கினார்கள். உள்ளே, ரிமோட்டில் பறக்கும் பொம்மை விமானம் செய்ய மெல்லிய பால்சா மரச் சட்டங்கள் அடுக்கடுக்காக, தூக்கினால் எடையே இல்லாமல். ஒட்டுப்பலகையில் வெட்டிய துண்டுகள், சக்கரம், மின்மோட்டார், சுருட்டி வைத்த வரைபடம். ஒரு இறக்கை மட்டுமே கட்டில் நீளம் வரும் என்று மச்சினன் கையை விரித்துக் காட்டினான்.

"முதல்ல பண்ணது பிரிட்ஜ் மேல நின்னுச்சு" என்றாள் அவள். "அடுத்தது பீரோ மேல. போன தடவை பண்ணது கட்டிலுக்கு அடியில. ஒண்ணை விட ஒண்ணு பெருசாவே வாங்குறீங்களே, அது என்ன கணக்கு?"

"பெருசா இருந்தா காத்துல ஆடாது."

"போன தடவை பண்ணது அவ்வளவு பெருசு. அது இப்ப எங்க?"

"அது சிக்னல் போயி விழுந்துச்சு. உன் தம்பியைக் கேளு."

தம்பி தன் செருப்பைப் பார்த்தான். "ஆமாக்கா. சிக்னல்" என்றான்.

"அது கிட்டத்துல வந்தாலே டர்ருன்னு சத்தம் போடுமே. இதுவும் அப்படித்தானா?"

"இது கரண்டு. ப்ளேன் விடுற மைதானத்தைச் சுத்தி வீடு வந்துடுச்சுல்ல, எஞ்சின் சத்தம் கூடாதுன்னுட்டாங்க. இது தூரமாப் போனா ஈ பறக்கிற சத்தம்கூட வராது" என்றான் தம்பி.

டிரைவர் சட்டங்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

*

பழைய கதவுப்பலகை ஒன்றைச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டார். அதன்மேல் வரைபடம், வரைபடத்தின்மேல் பசை ஒட்டாமலிருக்கக் கண்ணாடித்தாள், அதன்மேல் மரச்சட்டங்கள். சட்டங்களை நகராமல் குத்தி நிறுத்த அவளுடைய குண்டூசிகள்.

"கேட்டுட்டு எடுங்க. போன தடவை ஒண்ணு என் குதிகால்ல இருந்துச்சு."

"அதான் நீ நடந்தே போறேன்னு சொன்னப்பவே யோசிச்சேன்."

வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தேநீர் குடித்து உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்வரை அதுதான். விரலால் ஒவ்வொரு சட்டத்தையும் வருடிப் பார்ப்பார். உப்புத்தாளால் தேய்ப்பார், மறுபடி வருடுவார். கண்ணைவிட விரலை நம்புகிற வேலைக்காரர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

"கண்ணாடி எங்க?"

"டிப்போல வெச்சிட்டு வந்துட்டேன்."

மறுநாளும் டிப்போ. அதற்கு மறுநாளும் டிப்போ.

"அங்க என்ன, கண்ணாடிக்கடை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து படிப்பாள். எது எதற்கு முன்னால் ஒட்ட வேண்டும், எங்கே பசை காயும்வரை பொறுக்க வேண்டும் என்று. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். பேசும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்ப்பதுபோல் இருக்கும். மனிதர் அலுத்துப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

வரைபடத்தில் இடது இறக்கை மட்டும்தான் வரைந்திருந்தது. வலதுக்கு வேறு தாள் கிடையாது. இடது இறக்கை முடிந்ததும் தாளில் எண்ணெய் தடவினால் கோடுகள் பின்பக்கமும் தெரியும். தாளைப் புரட்டிப் போட்டு அதன்மேல் வலது இறக்கையைச் செய்ய வேண்டும். அவளே சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து தடவிக்கொடுத்தாள். தடவிய பிறகு எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் கோடு ஒன்றேபோல்தான் இருந்தது. எழுத்து மட்டும்தான் அடையாளம். சரியான பக்கத்தில் நேராக நிற்கும், பின்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கும்.

விடுமுறை நாளில் தம்பி வந்தான். இரண்டு இறக்கைகளையும் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்தார்கள். தம்பி ஒரு தடவை பொருத்தினான். எடுத்துத் திருப்பி மறுபடி பொருத்தினான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"மாமா! ரெண்டும் இடது! இது பாதி முன்னாடி போகும், பாதி பின்னாடி போகும்!"

"என்னடா சொல்ற?"

"தடவிப் பாருங்களேன். இதுக்கு முன்விளிம்பு இங்க. இதுக்கு அங்க."

டிரைவர் தடவிப் பார்த்தார். சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

"ஆனைக்கும் அடி சறுக்கும் மாப்ள."

"விடுங்க மாமா. இதைச் செய்யுற எல்லாரும் ஒரு தடவை ரெண்டு இடது பண்ணியிருப்பாங்க."

"ஒரு தடவை" என்றாள் அவள் மிஷினிலிருந்தபடி. "முதல் தடவை. நானும் தையல் கத்துக்கிறப்ப ஒரு சட்டைக்கு ரெண்டு இடது கை வெட்டியிருக்கேன். துணியைப் பார்க்காம வேற எங்கயோ பார்த்துட்டு வெட்டினேன்."

எழுந்து வந்து வரைபடத்தைப் பார்த்தாள். பலகைமேல் அது இன்னும் அப்படியே கிடந்தது. எண்ணெய் மினுங்கும் தாளில் எழுத்துகள் ஒவ்வொன்றும் விரல் அகலம். எல்லாம் நேராக நின்றன. தாளைப் புரட்டவேயில்லை. புரட்டியதாக நினைத்து அதே பக்கத்தைத் திரும்பப் போட்டிருக்கிறார். அந்த எழுத்துகளின்மேலேயே குனிந்து நாள்கணக்கில் வேலை செய்திருக்கிறார்.

"என்ன பாக்குற?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

*

மறுநாள் மாலை அவர் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால், பெட்டியிலிருந்த நீல ஒட்டுநாடாவில் ஒரு துண்டு கிழித்துத் தன் மூக்கில் ஒட்டிக்கொண்டாள். கதவைத் திறந்துவிட்டாள். தேநீர் கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்குக் கூட்டமா?"

"செம கூட்டம். ஒருத்தன் ஏறி நின்னுட்டு வண்டி எங்க போகும்னு கேக்கறான். நீ எங்க போறியோ அதுக்கு எதிர்ப்பக்கம்னேன்."

"அப்புறம்?"

"இறங்கிட்டான். சரியான வண்டிதான் பாவம்."

அவள் சிரிக்கவில்லை. நாடாவின் ஓரம் மேலுதட்டில் உரசிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டாள். மறுபடி வந்து இன்னும் கிட்டத்தில் உட்கார்ந்தாள்.

"என் முகத்துல எதாவது வித்தியாசம் தெரியுதா?"

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "புதுசா பொட்டு மாத்தியிருக்க."

"அப்புறம்?"

"கொஞ்சம் மெலிஞ்சிருக்க."

"கையைக் குடுங்க."

கையை இழுத்து விரலைத் தன் மூக்கில் வைத்தாள். விரல் நாடாவைத் தொட்டது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன நிறம்னு சொல்லுங்க."

அவர் தலையை மெதுவாக ஒரு பக்கம் திருப்பினார். கடைக்கண்ணால் பார்த்தார். "நீலம்" என்றார்.

"நேராப் பார்த்துச் சொல்லுங்க."

"நேராப் பார்த்தா நீயே இல்ல."

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எப்பலருந்து?"

"போன மழைக்கு முன்னாடியே. முதல்ல ஒரு கண்ணுல மட்டும். நடுவுல கறை மாதிரி. துடைச்சா போயிடும்னு துடைச்சுக்கிட்டே இருந்தேன்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். நடுவுல அரிச்சுடுச்சாம். ஓரம் நல்லாயிருக்காம். போனது திரும்பி வராதாம். இனிமே போறதைத்தான் மெதுவாக்கலாமாம்."

"தனியாவா போனீங்க?"

"உன்னைக் கூட்டிட்டுப் போனா நீயும் பார்த்திருப்பியே."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதையா இருக்கே!" அவள் எழுந்து நின்றாள். "வண்டி ஓட்டறீங்களேங்க. அத்தனை பேரை ஏத்திக்கிட்டு ஓட்டறீங்களே."

"அந்த ரூட்டு எனக்கு உள்ளங்கை மாதிரி. கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"அதைத்தானே பண்ணிட்டிருக்கீங்க!"

அவர் தேநீரைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"சிக்னல் எப்படித் தெரியுது?"

"முன்னாடி இருக்கிற வண்டி நகர்ந்தா நகருவேன்."

"முன்னாடி வண்டி இல்லன்னா?"

"பக்கத்துல இருக்கிற வண்டி."

"அதுவும் இல்லன்னா?"

தேநீரில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் எடுத்துத் தட்டின் ஓரம் துடைத்தார்.

"யாரையாவது இடிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"இடிச்சிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அவர் எழுந்து பலகை அருகில் போய், செய்து முடித்த இறக்கையைத் தொட்டபடி நின்றார். அவள் நாடாவை உரித்துக் கையில் உருட்டினாள்.

"நாளைக்குக் காலைல நான் டிப்போவுக்கு வர்றேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"ஒண்ணு கேக்கறேன். கேட்டுட்டு அப்புறம் என்ன வேணா பண்ணு." திரும்பாமலே பேசினார். "இது பெருசு. இதை என்னால பார்க்க முடியும். அதுக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் பெருசா வாங்கினேன். இதைப் பறக்கவிட்டு, சுத்திக் கொண்டுவந்து, தரையில பூ மாதிரி இறக்கிக் காட்டறேன். இறக்கிட்டேன்னா என் கண்ணுக்கு இன்னும் ஓட்டம் இருக்குன்னு ஒத்துக்கோ. ஓய்வுக்கு இருக்கிற கொஞ்ச காலத்தை ஓட்டிட்டு வந்துடறேன்."

"இறக்க முடியலன்னா?"

"நானே போயி சொல்லிடறேன். என் வாயாலயே."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஓட்டறேன்."

"ஓட்டக் கூடாது. லீவு போடுங்க."

"என்னன்னு போட?"

"முதுகு வலின்னு போடுங்க. டிரைவருக்கு முதுகு வலின்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

டிப்போவில் யாரும் கேள்வி கேட்கவில்லை. மறுநாளே லீவு கிடைத்தது.

*

லீவில் வேலை மடமடவென்று நடந்தது. இந்தத் தடவை தாளை அவளே புரட்டிப் போட்டாள். வலது இறக்கை வலதாகவே வந்தது. வாலை ஒட்டினார்கள். உடம்புக்குள் சின்ன மோட்டார்களைப் பொருத்தினார்கள். ரிமோட்டில் குச்சியைத் தள்ளினால் அந்த மோட்டார் கம்பியை இழுக்கும், கம்பி இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்பை மேலே தூக்கும். முதல் தடவை அது "கீக்" என்று அசைந்தபோது அவள் கையை உதறிக்கொண்டாள்.

"கடிக்காது" என்றார்.

"இதுக்கு உசிரு வந்த மாதிரி இருக்கு."

எலும்பாக நின்ற விமானத்துக்கு மேலே போர்த்துவது அவள் வேலையாயிற்று. நெகிழித் தாள் போன்ற ஒரு பிலிம். ஒருபக்கம் பசை. சட்டத்தின்மேல் விரித்து இஸ்திரிப்பெட்டியால் ஓரத்தை ஒட்டி, அப்புறம் நடுவில் சூடு காட்டினால் சுருக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு மேளம்போல் விறைத்துவிடும்.

"மேலே மஞ்சள். கீழே கறுப்பு" என்றார்.

"ஒரே நிறமா இருந்தா அழகா இருக்குமே."

"அழகுக்கு இல்ல. தூரத்துல பறக்கிறப்ப மஞ்சள் தெரிஞ்சா நம்ம பக்கம் சாயுதுன்னு அர்த்தம். கறுப்பு தெரிஞ்சா அந்தப் பக்கம் சாயுது. அதை வெச்சுத்தான் எந்தக் குச்சியை எந்தப் பக்கம் தள்றதுன்னு தெரியும்."

அவள் இஸ்திரிப்பெட்டியை ஒரு நொடி தூக்கிப் பிடித்தாள். அப்புறம் தொடர்ந்தாள். சேலைக்கு ஓரம் அடிப்பதைவிடக் கவனமாக அடித்தாள். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"விழணும்னு நினைக்கிற ப்ளேனுக்கு இவ்வளவு அழகாப் போர்த்தறியே."

"விழணும்னு யாரு நினைச்சா?"

"நினைக்கலையா?"

"பறக்கணும்னு நினைக்கிறேன். நினைச்சா பயமா இருக்கு. விழணும்னு நினைக்கிறேன். அதுவும் முடியல. என்னை எதுவும் கேக்காதீங்க."

கடைசியாக எடை சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கைக்கு அடியில் குறித்த இடத்தில் ஆளுக்கொரு பக்கம் ஒரே ஒரு விரல்நுனியால் தூக்க வேண்டும். மட்டமாக நின்றால் சரி. மூக்குக் கொஞ்சம் தாழ்ந்தாலும் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் ஏறின வேகத்தில் குட்டிக்கரணம் அடித்து விழும்.

தூக்கினார்கள். கூடம் முழுக்க அடைத்துக்கொண்டு அது இரண்டு விரல்களில் நின்றது.

"எப்படி நிக்குது?" என்றார். அவர் கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வால் தாழ்ந்திருந்தது. நன்றாகவே தாழ்ந்திருந்தது. ஒரு வார்த்தை. மட்டமாக நிற்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆகாயத்துக்குப் போன நிமிஷத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். அவர் கண் காரணமாக இருக்காது, ஆனாலும் முடிந்துவிடும்.

"என்ன, பேச்சைக் காணோம்?"

"வால் கனமா இருக்கு" என்றாள். "பேட்டரியை இன்னும் முன்னாடி தள்ளுங்க."

*

மைதானத்தின் நடுவில் பழைய சிமெண்டுத் தளம் ஒன்று ஓடியது. அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத கோரைப்புல் காடு. காற்று மெதுவாக வீசியது. வானம் முழுக்க வெளுத்த சாம்பல் நிறம்.

தம்பி தன் வேனில் எல்லாவற்றையும் ஏற்றி வந்திருந்தான். இறக்கைகளைச் சொருகித் திருகினான். டிரைவர் ரிமோட்டைக் கழுத்துப்பட்டியில் மாட்டிக்கொண்டார்.

"வலது குடுங்க மாமா."

குச்சி அசைந்தது.

"வலது தூக்குது. இடது? ம். வால்? சரி. எல்லாம் சரி."

அவள் கொஞ்சம் தள்ளி நின்றாள். அவர் திரும்பி அவள் இருந்த பக்கமாகப் பார்த்துக் கேட்டார்: "சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"உங்களுக்கு இருக்கா?"

"இருக்கு."

மோட்டார் சுழன்றது. அத்தனை பெரிய உடம்பு தளத்தில் கடகடவென்று ஓடி, சட்டென்று சத்தம் அடங்கி, தரையை விட்டது. அவள் தன்னை அறியாமல் கை தட்டினாள். மஞ்சள் ஒருமுறை பளிச்சிட்டது. மைதானத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் அடித்தது. அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, கட்டைவிரல்கள் குச்சிகளில் மெல்ல மெல்ல நகர, ஒரு வாலிபனைப்போல் நின்றார். இவருக்கா கண் தெரியாது? டாக்டர்தான் தப்பாகச் சொல்லியிருப்பார் என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

கிட்டத்தில் போனாள். அப்போதுதான் கேட்டது.

"இடது. இன்னும் இடது. போதும். மூக்கு மேல போகுது, கொஞ்சம் இறக்குங்க. ம். இப்ப நேரு. இப்ப இடது…"

தம்பி அவர் தோளோடு தோள் ஒட்டி நின்று, உதடு அசையாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி."

அவன் திடுக்கிட்டான்.

"எத்தனை நாளா இது நடக்குது?"

"அக்கா, எல்லாரும் பக்கத்துல ஒருத்தரை வெச்சுப்பாங்க. அதுதான் வழக்கம்."

"போன ப்ளேன் ஏன் விழுந்துச்சு?"

அவன் மறுபடி தன் செருப்பைப் பார்த்தான்.

"சொல்லுடா."

"எனக்குப் போன் வந்துச்சு" என்றான் தம்பி. "ஒரு நிமிஷம் தள்ளிப் போனேன்."

"சரி. வாயை மூடிக்கோ."

"அக்கா, விழுந்துடும்!"

"பஸ்ஸுலயும் நீ பக்கத்துல உட்காருவியா? தினமும்? போன் வந்தா எடுக்காம?"

டிரைவர் முகத்தைத் திருப்பவில்லை. "விடு மாப்ள" என்றார். "அவ சொல்றது சரிதான். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு நல்லாத் தெரியுது."

தம்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

விமானம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்திருந்தார். எந்தச் சத்தமும் இல்லை. மஞ்சள் தெரிந்தது, மெலிந்தது. பிறகு கறுப்பு தெரிந்தது. கறுப்பு மாறவில்லை. அந்தப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயிற்று. அவள் நகத்தை உள்ளங்கையில் அழுத்தினாள். வலது, வலது என்று மனசுக்குள் கத்தினாள். அது எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. உட்கார இடம் தேடுவதுபோல் மெதுவாகத் தாழ்ந்து, கோரைப்புல்லுக்குப் பின்னால் இறங்கியது. ஒரு சின்னச் சத்தம். முறத்தைக் கீழே போட்டதுபோல.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் கணவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

அவர் முகம் மேலேயே இருந்தது. தலை சாய்ந்தபடி. கட்டைவிரல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. மெல்ல இடது, மெல்ல நேர்.

"பார்த்தியா?" என்றார். "எப்படித் திரும்புது பாரு. சொன்னேன்ல, பெருசா இருந்தா காத்துல ஆடாது."

அவள் அவர் பார்த்த பக்கம் பார்த்தாள். சாம்பல் வானத்தில், இறக்கையை அசைக்காமல் ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது.

தம்பியும் பார்த்தான். "அக்கா…" என்றான், மூச்சில். அவள் தலையசைத்து அடக்கினாள்.

பருந்து இடது பக்கம் சரிந்தது. அவர் குச்சியை இடது பக்கம் தள்ளியபடி புன்னகைத்தார். இத்தனை நாளில் அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்போடேயே அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வழியுண்டா என்று ஒரு கணம் யோசித்தாள். இல்லை.

"இப்ப இறக்கப் போறேன்" என்றார். "தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும்."

குச்சியை இழுத்தார். பருந்து இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அது ஒரு காற்றைப் பிடித்து மேலே ஏறியது.

"என்னது… மாப்ள, சிக்னல் போயிடுச்சு போல. கேக்க மாட்டேங்குது."

தம்பி அக்காவைப் பார்த்தான்.

"மாப்ள! போயிட்டே இருக்குடா!"

அவள் அருகில் போய்க் குச்சிகளின்மேல் இருந்த அவர் கைகளைப் பிடித்தாள்.

"சிக்னல் எல்லாம் இருக்குங்க."

"அப்புறம் ஏன் இறங்க மாட்டேங்குது?"

"அது நம்மளுது இல்ல. நம்மளுது அப்பவே இறங்கிடுச்சு. கோரைப்புல்லுக்குள்ள."

"அப்ப இது?"

"பருந்து."

அவர் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். பருந்து புள்ளியாகி, சாம்பலில் கரைந்துபோயிற்று. அது போனது அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

"பருந்தா?" என்றார் மறுபடி. "நான் திருப்பினப்ப எல்லாம் திரும்புச்சே."

அவளும் தம்பியும் கோரைக்குள் இறங்கித் தேடிக் கொண்டுவந்தார்கள். மூக்கு நொறுங்கியிருந்தது. ஒரு இறக்கை நடுவில் முறிந்து, பிலிம் மட்டும் கிழியாமல் இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது. வேனின் பின்பக்கம் வைத்தார்கள். அவர் வந்து தடவிப் பார்க்கவில்லை.

வேன் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும், "அவனைப் பேச விட்டிருக்கலாம் நீ" என்றார்.

"விட்டிருக்கலாம்."

"இறக்கியிருப்பேன்."

"இறக்கியிருப்பீங்க. நாளைக்கு வண்டி எடுத்திருப்பீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "மாப்ள, வீட்டுக்கு வேணாம். டிப்போவுக்கு விடு" என்றார்.

*

டிப்போ அலுவலகத்தின் வாசல்வரைதான் அவள் போனாள். என் வாயாலயே சொல்கிறேன் என்றவர் அவர்தானே. கதவருகில் சுவரோரம் நின்றுகொண்டாள். உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

"வாங்கண்ணே, வாங்க!" என்றார் டைம்கீப்பர். "முதுகு எப்படி இருக்கு?"

"முதுகுக்கு ஒண்ணுமில்ல."

"அப்பாடா. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வந்தீங்க. நாளைக்கு முதல் ஷிப்டுக்கு ஆளே இல்ல. உங்க பழைய ரூட்டுதான். போட்டுடட்டுமா?"

வெளியே ஒரு பேருந்து பின்னால் நகர்ந்து நின்றது. யாரோ அதன் பக்கத்தைக் கையால் தட்டினார்கள். அவள் உள்ளே போய்விடலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். நின்றாள்.

"என்னண்ணே? போட்டுடட்டுமா?"

"போடாத" என்றார் அவர். "நாளைக்கும் வேணாம். அதுக்கப்புறமும் வேணாம்."

"ஏன்? வேற ரூட்டு வேணுமா?"

"கண்ணு தெரியல எனக்கு."

டைம்கீப்பர் ஏதோ சொன்னார். உங்களுக்கா, என்னை விட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லையா ஏமாற்ற, என்கிற மாதிரி. நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"எங்க இருக்க?" என்று டைம்கீப்பரைக் கேட்டார் அவள் கணவர். "நீ சிரிக்கிறியா, என்ன பண்றன்னு எனக்குத் தெரியல. வாயைத் திறந்து எதாவது சொல்லுப்பா."